தேவனாம்பட்டினம் – தாழங்குடா கரையை மாதாமாதம் அளக்க எது சரியான முறை?

கேள்வி: நெய்தல்வாசி
கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து வடக்கே தாழங்குடா வரை மணல் எங்கே சேருகிறது, எங்கே அரிக்கிறது என்று தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து மாதாமாதம் பதிவு செய்யப் போகிறோம். மேட்டிலிருந்து நீர்விளிம்பு வரை டேப் பிடித்தால் காலையில் ஓர் எண், மாலையில் ஓர் எண். டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியை வாடகைக்கு எடுக்க வசதி இல்லை. அதிகச் செலவில்லாமல், பிற்பாடு யார் பார்த்தாலும் நம்பும்படி அளக்க என்ன வழி?

பதில்: இரட்டைக்கோல்
நீர்விளிம்பை விட்டுடுங்க. நம்ம கரையில ஏத்தவத்தம் (கடல் மட்டம் ஏறி இறங்குறது) ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனா பத்துக்கு ஒன்று சரிவுல நீர்மட்டம் அரை மீட்டர் மாறினாலே விளிம்பு 5 மீட்டர் நகர்ந்துடும். மணல் கொஞ்சம்கூட மாறியிருக்காது. அளக்க வேண்டியது கரையோட குறுக்குவெட்டு, அதாவது மேட்டிலிருந்து கடல் வரை ஒரே கோட்டில மணல் எப்படி ஏறி இறங்குதுங்கிறது. 1961-ல் கடல் ஆய்வாளர் எமரி வெளியிட்ட இரட்டைக்கோல் முறை இதுக்குப் போதும்.

1.5 மீட்டர் ரீப்பர் கட்டை இரண்டு. மேல் நுனி பூஜ்யம், அங்கிருந்து கீழ்நோக்கி சென்டிமீட்டர் கோடு, பத்துக்கு ஒண்ணு சிவப்பு எனாமல். அடியில 10 செ.மீ. சதுர பிளைவுட் அறைஞ்சிடுங்க, இல்லன்னா ஈர மணல்ல கோல் இறங்கும். பிவிசி பைப் காத்துல வளையும், வேண்டாம். இரண்டு கோலுக்கும் நடுவுல இடைவெளி அளக்கக் கயிறும் வேண்டாம், இழுத்தா நீளும், இன்னொரு 1.5 மீட்டர் கட்டையையே வைங்க.

கரைப்பக்கக் கோலுக்குப் பின்னால நிக்கிறவர், கடல்பக்கக் கோல் நுனியும் அடிவானமும் ஒரே கோட்டில வர்ற மாதிரி கண்ணை இறக்கணும். அந்தப் பார்வைக்கோடு தன் கோல்ல வெட்டுற எண்தான் இறக்கம்: கழித்தல் குறி. கடல்பக்கம் மேடா இருந்தா, தன் கோல் நுனி வழியா அடிவானத்தைப் பார்த்து எதிர்க்கோல்ல படிக்கணும்: கூட்டல் குறி. அடுத்து, முன் கோல் நின்ன அதே தடத்துல பின் கோல் வந்து நிக்கணும். கடைசியா அதே வழியில திரும்பி அளங்க. 5 செ.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா அந்தக் குறுக்குவெட்டுக் கோட்டை மறுபடி அளக்கணும்.

பதில்: தூக்குக்குண்டு
முறை சரி, ஒரு திருத்தம். திரும்பி அளப்பது தப்பாக எழுதிய எண்ணைப் பிடிக்கும்; கோல் எப்போதும் ஒரே பக்கம் சாய்வதைப் பிடிக்காது. கோல் நிற்கும் ஒவ்வொரு நிலைக்கும் அரை செ.மீ. என்றாலும் 40 நிலையில் 20 செ.மீ. ஆகிவிடும். அதனால் இரண்டு கோலிலும் தூக்குக்குண்டு தொங்கட்டும்.

தொடக்கப் புள்ளி அரிப்பு எட்டாத கான்கிரீட்டாக இருக்க வேண்டும். சவுக்கு மரத்தில் குறி போடாதீர்கள். 2011 தானே புயலில் இந்தப் பக்கம் எத்தனை மரம் சாய்ந்தது என்று உங்களுக்கே தெரியும். தொடக்கப் புள்ளிக்குப் பின்னால் இரண்டாவது குறி ஒன்றும் தேவை. இரண்டும் நேர்கோட்டில் தெரிந்தால்தான் மாதாமாதம் அதே திசையில் இறங்குவீர்கள்.

மூட்டமாக இருந்து அடிவானம் தெரியாத நாளில் கொத்தனார் மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய டியூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும்.

நெய்தல்வாசி
நன்றிங்க. எத்தனை கோடு, எங்கெங்கே? ஆமை முட்டையிடும் காலத்தில் நிறுத்த வேண்டுமா?

பதில்: பங்குனி
நிறுத்த வேண்டாம். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) பெரும்பாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவில் ஏறும்; குஞ்சு பொரிக்க 45 முதல் 60 நாள். ஆகவே ஜூன் வரை உலர்மணலில் கோலைக் குத்தவே கூடாது, பிளைவுட் அடி மணல்மேல் உட்கார்ந்தால் போதும். பகலில் மட்டும் அளங்கள். வனத்துறையிடம் முன்கூட்டியே சொல்லி, குழி அடையாளம் இருக்கும் இடத்தைச் சுற்றிப் போங்கள்.

நாலைந்து கோடு, ஒழுங்காக எடுத்தால், ஏராளம். தென்பெண்ணை முகத்துவாரத்தை ஒட்டிய கோட்டைத் தனி ஏட்டில் வையுங்கள். அங்கே மணல்திட்டை வெள்ளம் உடைக்கும், பிறகு கடல் மூடும். அதைக் கரை அரிப்போடு சேர்த்தால் கணக்கு கெடும். தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) இருக்கும் இடத்தில் வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் கோடு வேண்டும். இந்தக் கரையில் ஆண்டுக்கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கேதான் நகர்கிறது. புதுச்சேரித் துறைமுக அலைதடுப்புக்குத் தெற்கே மணல் சேர்ந்து, வடக்கே நகரக் கரை கரைந்தது அதனால்தான்.

வாடைக்காலத்தில் கரை குறுகுவது இயல்பு. டிசம்பரை ஜூனோடு ஒப்பிட்டு அரிப்பு என்று எழுதாதீர்கள். அடுத்த ஆண்டு டிசம்பரோடு ஒப்பிடுங்கள். வத்தத்துக்கு (கடல் மட்டம் முழுக்க இறங்கும் நேரத்துக்கு) ஒரு மணி நேரம் முன்பே தொடங்குங்கள். முன் கோல் பிடிப்பவர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. காற்றழுத்தத் தாழ்வு அறிவிப்பு இருந்தால் அன்றைக்கு அளவே வேண்டாம். கடல் அடங்கிய மறுநாளே போய் எடுங்கள், புயல் எடுத்த மணல் எவ்வளவு என்பது அப்போதுதான் கிடைக்கும்.