பயர்பாக்ஸ் உதவிக் கட்டுரைகளைத் தமிழாக்குதல்: மெனுப் பெயர்களையும் குறியீடுகளையும் என்ன செய்வது?

கேள்வி (புதுமுகம்):
நிரல் எழுதத் தெரியாத நான், பயர்பாக்ஸ் உலாவிக்கு என்னால் இயன்ற பணி உதவிப் பக்கங்களில்தான் இருக்கும் என்று எண்ணி, அதை உருவாக்கும் மொசில்லாவின் ஆதரவுத் தளத்தில் கணக்குத் தொடங்கி, குக்கிகளை அழிப்பது பற்றிய கட்டுரையைத் தமிழாக்க முனைந்தேன். பாதியில் இரண்டு ஐயங்கள் எழுந்தன. செட்டிங்ஸ் என்பதை அமைப்புகள் என்பதா, அமைவுகள் என்பதா? வரிகளுக்கிடையே சுருள் அடைப்புக்குறிக்குள் விண்டோஸ், மேக் என்று பிரிக்கும் குறியீடுகள் வருகின்றனவே, அவற்றையும் மொழிபெயர்க்க வேண்டுமா?

மறுமொழி (எழுத்தாணி):
முதலாவதைத் தீர்மானிப்பவர் நீங்கள் அல்லர். உலாவியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டு, மெனுவில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே எழுத்துப் பிசகாமல் கட்டுரையில் இடுங்கள். வாசகர் திரையில் தேடப்போவது அந்தச் சொல்லைத்தான். அச்சொல் பிழையென்று தோன்றினால், இடைமுகச் சொற்கள் மொழிபெயர்க்கப்படும் போன்டூன் தளத்தில் மாற்றுச் சொல்லைப் பரிந்துரைக்கலாம்.

குறியீடுகளைத் தொடவே வேண்டாம். ஒரே கட்டுரை விண்டோஸ், மேக், லினக்ஸ் பயனர் அனைவருக்கும் பயன்படுவது அவற்றால்தான்: வாசகரின் இயங்குதளத்துக்குரிய பத்தி மட்டும் தெரியும், மற்றவை மறைந்துகொள்ளும். மூடும் குறி ஒன்று விடுபட்டால், அதற்குப் பின்னுள்ள பகுதியும் சிலருக்குத் தெரியாமல் போகக்கூடும். சேமித்த திருத்தம் மறுஆய்வாளர் ஒப்புதல் அளித்த பிறகே வெளியாகும் என்றாலும், எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டாமல், முன்தோற்றத்தில் இயங்குதளத்தை மாற்றி மாற்றி நீங்களே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மறுமொழி (பழைய சுட்டி):
தமிழாக்கத்துக்கு முன் சில வாரங்கள் பயனர்களின் கேள்விகளுக்கு விடையளித்துப் பாருங்கள் என்பேன். எந்த வரியில் மக்கள் தடுக்கி விழுகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

நான் தடுக்கியதையும் சொல்லிவிடுகிறேன். புத்தகக்குறிகள் அனைத்தும் காணாமல் போயின என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒன்றும் விசாரிக்காமல், பயர்பாக்ஸைப் புதுப்பிக்கும் (ரிஃப்ரெஷ்) பொத்தானை அழுத்தச் சொன்னேன். அது புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் காக்கும், நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்களை) நீக்கிவிடும். அவருக்கு நீட்சிகள் போயின, புத்தகக்குறிகள் வரவில்லை. 2019-இல் வந்த 67ஆம் பதிப்பு முதல் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி சுயவிவரம், அதாவது புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள் போன்றவற்றைச் சேமிக்கும் கோப்புறை, உண்டு. அவர் வேறொரு கோப்புறையில் இரண்டாம் முறை நிறுவியிருந்ததால் வெற்றுச் சுயவிவரம் திறந்திருக்கிறது. பழையது வட்டில் பத்திரமாக இருந்தது. முகவரிப் பட்டையில் அபௌட்:புரொஃபைல்ஸ் என்பதை ஆங்கில எழுத்துகளில் இட்டு, வரும் பட்டியலில் பழைய சுயவிவரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் இரண்டே நிமிட வேலை. அன்று முதல், எதை நிறுவினீர்கள், எப்போது நிறுவினீர்கள் என்று கேட்காமல் நான் விடை எழுதுவதில்லை.

மறுமொழி (எழுத்தாணி):
அதை ஏற்கிறேன். இன்னொன்று: ஆங்கில மூலம் மாறிக்கொண்டே இருக்கும். நீட்சிகளை முடக்கிவிட்டு உலாவியைத் திறக்கும் முறையின் சேஃப் மோட் என்ற பெயர் 2021-இல் டிரபிள்ஷூட் மோட் ஆனபோது, பழைய பெயரைத் தாங்கிய மொழிபெயர்ப்புகள் ஒரே நாளில் காலாவதியாயின. மூலத்தில் நிகழ்ந்த மாற்றம் சிறியதா, மொழிபெயர்ப்பைப் பிழையாக்கும் அளவு பெரியதா என்று மறுஆய்வாளர் குறித்திருப்பார். பெரியதென்று குறித்தவற்றை முதலில் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மெனுப் பெயர்களைத் திரையைப் பார்த்துத் திருத்தினேன். முன்தோற்றத்தில் மேக் என்று மாற்றியதும் கடைசி மூன்று படிகளைக் காணவில்லை. நான் தெரியாமல் அழித்த மூடும் குறி ஒன்றுதான் காரணம். அதைச் சேர்த்து, மறுஆய்வுக்கு அனுப்பிவிட்டேன்.