வேல்ஸ் இளவரசரும் கார்ன்வால் கோமகனும் ஒரே ஆளா?

கேள்வி: ஒற்றைமேசை

பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் அரச குடும்பங்களைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்து மெய்ப்புக்குப் போனது. மெய்ப்புப் பார்ப்பவர் நேற்று தொலைபேசியில் அழைத்து, "விருந்தில் வேல்ஸ் இளவரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கார்ன்வால் கோமகன் யார்? இதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லையே" என்று கேட்டார்.

ஆங்கில மூலத்தை எடுத்துப் பார்த்தேன். ஆசிரியர் ஒரே ஆளைத்தான் ஒரு வரியில் வேல்ஸ் இளவரசர் என்றும் அடுத்த வரியில் கார்ன்வால் கோமகன் என்றும் அழைத்திருக்கிறார். நான் அவரை இருவராக்கி, இருவருக்கும் நாற்காலி போட்டு, ஒருவர் மற்றவரைப் பார்த்துப் புன்னகைத்ததாகவும் எழுதிவைத்திருக்கிறேன். அந்தப் புன்னகை முழுக்க என் கைங்கரியம்.

இப்போது எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. பிரான்ஸின் 'தோஃபின்', ஸ்பெயினின் 'ஆஸ்டூரியாஸ் இளவரசர்' என எவர் வந்தாலும் 'பட்டத்து இளவரசர்' என்றே போட்டிருக்கிறேன். அது சரியா? ஒரே ஆளுக்கு எதற்கு இத்தனை பட்டங்கள்? இன்னொன்று: இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறும் முன் 'வேல்ஸ் இளவரசி' என்று எங்குமே வரவில்லை. நான் விட்டுவிட்டேனோ என்று பதிப்பாசிரியர் கேட்கிறார்.

பதில்: பழுப்பேடு

முதலில் அந்த விருந்திலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவிடுங்கள். புன்னகையையும்.

'பட்டம்' என்ற சொல்லை நாம் அலட்சியமாகப் புழங்குகிறோம். அது நெற்றியில் கட்டும் பொற்தகடு. 'பட்டம் கட்டினார்கள்' என்கிறோமே, அது வெறும் பேச்சுவழக்கு அல்ல. கட்டுவதற்கு ஒரு கை வேண்டும். ஆகவே உங்கள் நூலில் ஒரு பட்டம் வரும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை யாராவது கட்டினார்களா, தானாக வந்து விழுந்ததா?

கார்ன்வால் தானாக விழுவது. மூன்றாம் எட்வர்டு 1337-இல் தன் மூத்த மகனுக்காக ஏற்படுத்தியது. அரசரின் உயிரோடிருக்கும் மூத்த மகனாகவும் அடுத்த வாரிசாகவும் இருந்தால் போதும், அறிவிப்புகூடத் தேவையில்லை. வேல்ஸ் அப்படியல்ல. அது வென்றெடுத்த நாட்டின் பெயர். முதலாம் எட்வர்டு 1301-இல் அதைத் தன் மகனுக்குக் கொடுத்தார். இன்றுவரை ஒவ்வொரு முறையும் அரசர் மனம்வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. தாய் அரியணை ஏறிய 1952-இலேயே சார்லஸ் கார்ன்வால் கோமகனாகிவிட்டார், மூன்று வயதில். வேல்ஸ் இளவரசரானது 1958-இல். அதைச் சூட்டும் சடங்கு கார்னார்வன் கோட்டையில் நடந்தது 1969-இல். அந்தப் பதினேழு ஆண்டுகளில் எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்க்காமல் பெயர் போட்டால் தவறு நிச்சயம். இதில் ஸ்காட்லாந்துக்குள் போனால் அதே ஆள் ராத்சே கோமகன். 1398-இல் அங்கே அரச வாரிசுக்கென்று உண்டாக்கிய பட்டம் அது. நாடுகள் சேர்ந்தபோது பெயர்களும் சேர்ந்துகொண்டன, அவ்வளவுதான்.

'மூத்த மகன்' என்ற நிபந்தனை கண்டிப்பானது. இரண்டாம் ஜார்ஜின் மகன் பிரெடரிக் 1751-இல் தந்தைக்கு முன்பே இறந்தார். வாரிசுரிமை பேரனுக்குப் போனது, பிற்பாடு மூன்றாம் ஜார்ஜ் ஆனவர். தாத்தா அவரை அதே ஆண்டு வேல்ஸ் இளவரசராக்கினார். கார்ன்வால் மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. பேரன் மகனாக மாட்டான் அல்லவா!

எலிசபெத் விஷயத்தில் நீங்கள் எதையும் விடவில்லை. அவருக்குப் பதினெட்டு வயதானபோது, 1944-இல், இந்தப் பேச்சு எழுந்தது. தந்தை ஆறாம் ஜார்ஜ் மறுத்துவிட்டார். அன்றைய முறைப்படி அரசருக்கு ஒரு மகன் பிறந்தால் அவன் அக்காவைத் தாண்டிப் போய்விடுவான். அந்த வாய்ப்பு ஏட்டளவிலாவது இருக்கும்வரை அவர் 'இப்போதைக்கு வாரிசு'தான். ஸ்பெயினிலும் ஆணுக்கே முன்னுரிமை. இன்றைய அரசரின் மூத்த மகள் லியோனோருக்கு நாளை ஒரு தம்பி பிறந்தால் சட்டப்படி அவர் விலகி நிற்க வேண்டும். ஆனாலும் 2014 முதல் அவர்தான் ஆஸ்டூரியாஸ் இளவரசி. ஒரே நிலையில் இருந்த இரண்டு பெண்கள். ஒருவருக்குப் பட்டம் உண்டு, ஒருவருக்கு இல்லை. இரண்டு இடத்திலும் 'பட்டத்து இளவரசி' என்று எழுதினால் இந்த வேறுபாடு முழுவதும் காணாமல் போகும்.

தோஃபினைத் தோஃபின் என்றே விடுங்கள். தோஃபினே நாட்டின் பிரபு இரண்டாம் ஹம்பர்ட், வாரிசும் இல்லாமல் கடனும் தாங்காமல், 1349-இல் நாட்டைப் பிரெஞ்சு அரச குடும்பத்துக்கு விற்றார். நிலத்தோடு பட்டமும் கைமாறியது. சொல்லுக்குப் பொருள் ஓங்கில், அதாவது டால்ஃபின், கொடியிலும் அதுதான். பெரும்படை வைத்திருந்த பிரான்ஸின் வாரிசு ஒரு கடல் விலங்கின் பெயரில் திரிந்தான் என்பதில் எனக்கு இன்றும் ஒரு மகிழ்ச்சி.

உங்கள் விருந்து எந்த ஆண்டு நடந்தது? எழுதவில்லையே.

பதில்: கல்லெழுத்து

பழுப்பேடு சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் சிக்கல் பட்டத்தில் மட்டும் இல்லை, 'இளவரசர்' என்ற நம் சொல்லிலேயே இருக்கிறது. அரசரின் மகன் எல்லாருமே இளவரசர், அடுத்து ஆளப்போகிறவரும் இளவரசர் என்று இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். இளங்கோ என்றால் இளைய அரசன். பெயரிலேயே அரசு இருக்கிறது.

சோழர்களைப் பாருங்கள். இராசேந்திரன் 1012-இல் தந்தை இருக்கும்போதே முடிசூடினான். இராசராசன் இறந்தது 1014-இல். இராசேந்திரன் மகன் இராசாதிராசன் 1018-இலேயே முடிசூடி, தந்தை இறக்கும் 1044 வரை இருபத்தாறு ஆண்டுகள் உடன் ஆண்டான். தன் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டை 1018-இலிருந்துதான் எண்ணினான். இவனை 'பட்டத்து இளவரசன்' என்று எழுதினால் அவனே கோபித்துக்கொள்வான். இராசகேசரி, பரகேசரி என்று மாறிமாறி வரும் பட்டமும் உடன்முடி சூட்டும்போதே ஒட்டப்பட்டுவிடும். இரண்டாம் இராசேந்திரனின் வாரிசு இராசமகேந்திரன் இராசகேசரி; அவன் தனியாக ஆளாமலே இறந்தான். அதனால் அடுத்து வந்த வீரராசேந்திரனும் இராசகேசரியே.

திருவிதாங்கூரில் இன்னும் வேடிக்கை. அங்கே மருமக்கள்தாயம், அரசரின் மகனுக்கு அரியணையோடு தொடர்பே கிடையாது, அவன் வெறும் 'தம்பி'. சகோதரியின் மகன்தான் வாரிசு, அவனுக்குத்தான் இளையராஜா என்ற பெயர். (பாட்டு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) மார்த்தாண்டவர்மா 1729-இல் அரசரானபோது முந்தைய அரசரின் மகன்களான பத்மநாபன் தம்பியும் ராமன் தம்பியும் கலகம் செய்தார்கள். அந்த வரலாற்றை மொழிபெயர்க்கும் ஒருவர் தம்பிகளை 'இளவரசர்கள்' என்று எழுதினால், வாசகர் கலகக்காரர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்.

பதில்: ஒற்றைமேசை

இருவருக்கும் நன்றி. 'பட்டத்து இளவரசர்' அறுபத்து மூன்று இடங்களில் இருந்தது. ஒன்பதை மட்டும் விட்டுவைத்தேன். தோஃபினுக்கு முதல் இடத்தில் மட்டும் ஓங்கில் விளக்கம்.

பழுப்பேடு கேட்ட ஆண்டைத் தேடினேன். விருந்து நடப்பது 1756-இல். அரியணையில் இரண்டாம் ஜார்ஜ். வேல்ஸ் இளவரசர் என்று வருபவர் அவருடைய பேரன். உங்கள் கணக்குப்படி பேரனுக்குக் கார்ன்வால் கிடையாது. அப்படியானால் பிழை என்னுடையது மட்டும் இல்லையா? மூல ஆசிரியரே தவறியிருக்கிறாரா?

பதில்: பழுப்பேடு

தவறியிருக்கிறார். மாறிமாறிப் பெயர் சொல்லும் ஆசையில் பழக்கப்பட்ட பட்டத்தை எடுத்துப் போட்டுவிட்டார். ஆனால் 'கோமகன்' என்ற சொல்லை முழுவதும் அடிக்காதீர்கள். பிரெடரிக்கிடம் எடின்பரோக் கோமகன் பட்டமும் இருந்தது; அது தந்தை வழிச் சொத்துபோல 1751-இல் மகனுக்கு வந்தது. 'கார்ன்வால்' என்ற ஒரு சொல்லை மட்டும் நீக்கி, கீழே இரண்டு வரி மொழிபெயர்ப்பாளர் குறிப்பு போடுங்கள். மெய்ப்புப் பார்ப்பவருக்கு ஒரு தேநீராவது வாங்கிக் கொடுங்கள். அவர் கேட்டிராவிட்டால் இது அப்படியே அச்சேறியிருக்கும்.