நடுவர் மன்ற ஆவணங்களில் வெளியாள் ஒருவரின் தரவு: நகல் கொடுக்கலாமா?

சர்வதேச நடுவர் மன்ற வழக்கு ஒன்றில் எதிர்மனுதாரர் தரப்பில் வேலை செய்கிறேன். நாங்கள் தாக்கல் செய்த மின்னஞ்சல் கட்டில் எங்கள் கட்சிக்காரரின் முன்னாள் ஊழியர் ஒருவர் அடிக்கடி வருகிறார். ஒன்றில் அவர் மருத்துவ விடுப்பு எடுத்த காரணம்கூட அப்படியே கிடக்கிறது. அவர் இந்த வழக்கில் சாட்சிகூட இல்லை.

19 நாட்களுக்கு முன் ஜிடிபிஆர் (ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) 15, 17-ஆம் பிரிவுகளைக் காட்டி எழுதினார்: என் தரவின் நகலைத் தாருங்கள், அப்புறம் அழித்துவிடுங்கள். பதிலளிக்க ஒரு மாதம்தான் கெடு.

அழிக்கச் சொன்னதைப் பற்றிக் கவலையில்லை, மறுக்கலாம்: 17(3)-இல் சட்டக் கோரிக்கைகளுக்கான விலக்கு இருக்கிறது. நகல்தான் இடிக்கிறது, நடவடிக்கை முழுவதும் ரகசியம். பெயரைக் கறுப்படித்துப் பார்த்தோம். ஆதாரம் சிதைகிறது என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நடுவர்களோ 'தரப்புகளே பேசிக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். (முதல் நடைமுறை ஆணையிலேயே தரவுப் பாதுகாப்பு நெறியைச் சேர்த்திருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை.) நடுவர் மன்றங்களில் தரவுப் பாதுகாப்பு பற்றிய ஐசிசிஏ-ஐபிஏ 2022 வழிகாட்டியையும் புரட்டிவிட்டோம், முன்கூட்டியே திட்டமிடச் சொல்கிறது, எங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

நகல் கொடுப்பது பிறர் உரிமைகளைப் பாதிக்கக் கூடாது என்னும் 15(4)-ஐ வைத்து மற்றவர்கள் தொடர்பானதை நீக்கிவிட்டு, அவரைப் பற்றிய வரிகளை மட்டும் எடுத்துக் கொடுத்தால் ரகசியக் கடமையை மீறியதாகுமா?