தையற்காரரான தகப்பனாரின் வாழ்க்கைக் குறிப்பில் எதை எழுதுவது?

கேள்வி – கடைசி மகன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 40 ஆண்டுகளுக்கு மேல் தையற்கடை வைத்திருந்த என் தகப்பனாருக்கு அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திர ஆராதனை நடைபெறுகிறது. அதில் வாசிக்க ஒரு பக்க அளவில் வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரும்படி எங்கள் சபைப் போதகரான ஐயரவர்கள் கேட்டிருக்கிறார். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். பிறந்தார், திடப்படுத்தல் பெற்றார் (சபையின் முழு உறுப்பினரானார்), மணமுடித்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று மூன்றுமே, பெயரை மாற்றினால் ஊரில் எவருக்கும் பொருந்துவதாக அமைந்துவிட்டன.

இன்னொரு தயக்கமும் உண்டு. ஒரு சமயம் சபைக் கமிட்டியில் கணக்கு விஷயமாக மனத்தாங்கல் ஏற்பட்டு, இரண்டு ஆண்டுகள் தம் வழக்கமான முன்வரிசையை விட்டுக் கடைசித் தூணருகே போய் உட்கார்ந்தார். அதை எழுதலாமா, விட்டுவிடலாமா?

பதில் – தேரிக்காட்டு வாத்தியார்

தம்பி, முதலில் உங்கள் தகப்பனாரின் அளவு நோட்டுகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். நம் பக்கத்துத் தையற்காரர்களிடம் அது சபைப் பதிவேட்டுக்குச் சமமானது. யார் வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்தக் கிறிஸ்மஸுக்கு எவன் எத்தனை அங்குலம் வளர்ந்திருந்தான், மழை பொய்த்த வருடத்தில் எந்த வீட்டார் துணியே எடுக்கவில்லை என்பதெல்லாம் அதில் கிடைக்கும். பிறந்த தேதி வேண்டுமென்பவர்கள் கல்லறைக் கல்லில் படித்துக்கொள்ளட்டும்.

அவர் யாரிடம் காஜா எடுக்கப் பழகினார் என்றும் விசாரியுங்கள். தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, 1878-இல் நாசரேத்தில் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் தொடங்கிய தொழிற்பள்ளியில் தச்சு வேலையோடு தையலும் கற்பிக்கப்பட்டது. பனையையும் கருப்பட்டியையும் நம்பியிருந்த ஊர்களில் ஊசி பிடித்துப் பிழைத்தவர்களின் ஆசான், ஆசானுக்கு ஆசான் என்று பின்னோக்கிப் போனால், பல சமயம் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில்தான் போய் நிற்போம். என் பெரியப்பா அப்படி வந்தவர்.

பதில் – பாளையங்கோட்டை வாசகி

அண்ணாச்சி, தூணருகே உட்கார்ந்ததை அவசியம் எழுதுங்கள். 1826-இல் கட்டிய எங்கள் ஊசிக்கோபுரத்து ஆலயம் இருக்கும் இந்த ஊரிலிருந்து ஓலைக் கூரைச் சிற்றாலயம் வரை, மனத்தாங்கல் இல்லாத சபை நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கும். அதை மறைத்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். ஆனால் யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அந்த இரண்டு ஆண்டுகளில் அசனம் என்னும் சபை விருந்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தாரா, தவக்காலத்து ஊதாவும் ஈஸ்டர் வெள்ளையும் பெந்தெகொஸ்தே சிவப்புமாக மாறும் பீடத்துணிகளைத் தைத்தவர் யார் என்று மட்டும் சொன்னால் போதும்.

என் பிறந்த ஊர்த் தையற்காரர், வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப் போட்டு, சபைக் காணிக்கைக்கான பிடியரிசிப் பை தைத்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பார். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அம்மா அதில் போடும்போது, என் பச்சைப் பாவாடையின் துண்டு எதிர்வீட்டுச் சித்தியின் பையில் இருக்கிறதே என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். அவரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.

பதில் – சேகரச் செயலர் (முன்னாள்)

திடப்படுத்தல், திருமணத் தேதிகளுக்கு உங்கள் சேகர (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின்) அலுவலகத்தில் கேளுங்கள். திருநெல்வேலியிலிருந்து 1986-இல் தூத்துக்குடி மாவட்டமும் 2003-இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலமும் (பேராயரின் ஆளுகைப் பகுதியும்) பிரிந்ததால், பழைய பதிவுகளுக்குப் பாளையங்கோட்டைக்குத்தான் போகவேண்டும் என்று பலர் வீணாக அலைகிறார்கள். பழைய பதிவேட்டில் எழுத்து மங்கியிருக்கும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

நன்றி. தையல் மெஷினுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியில் ஐந்து நோட்டுகள் கிடைத்தன. எல்லா வருடமும் டிசம்பர் மாதத்தின் கடைசி அளவுகள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுடையவை. ஊராரின் துணிகளையெல்லாம் கொடுத்தனுப்பிய பிறகு, 24-ஆம் தேதி நள்ளிரவு கடந்து எங்களுடையதைத் தைப்பார். ஒரு வருடம் பித்தான் வைக்க நேரமில்லாமல், சட்டையில் ஊக்குக் குத்திக்கொண்டு விடியற்கால ஆராதனைக்கு நான் போனது இப்போது நினைவுக்கு வருகிறது.

அந்த இரண்டு ஆண்டுகளின் பக்கங்களையும் பார்த்தேன். 'பீடம், ஊதா, இரண்டேகால் மீட்டர்' என்பதற்கு எதிரே கூலிக்கான இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார். அடுத்த பக்கத்தில், யாரோடு மனத்தாங்கலோ அவர் வீட்டுப் பிள்ளைகள் மூவரின் அளவுகளும் இருக்கின்றன. இளையவனின் கால்சட்டைக்கு நேரே, பென்சிலில், 'உள்ளே 2 அங்குலம் விடவும், வருகிற வருடத்துக்கும் ஆகும்' என்று எழுதியிருக்கிறார்.