கலைச்சொல்: சாலட்டுக்குப் ‘பிசிறல்’ சரிப்படுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சாலட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் ‘கடலுணவு சாலட்’ மடலிழையில் ஐயா எழுதியிருந்ததிலிருந்து தொடங்குகிறேன்:

> பச்சடி இருக்கப் புதுச்சொல் எதற்கு? பச்சையாக உண்பது பச்சடி. அவ்வளவுதான்.

ஐயா, எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி வெல்லத்தோடு கொதித்துத்தானே இலைக்கு வருகிறது? ஆந்திரப் பக்கம் போனால் பச்சடி என்பது சோற்றில் பிசைந்து சாப்பிடும் துவையல். பெசன்ட் நகரில் என் தங்கை நடத்தும் சிறு உணவகத்துக்குத்தான் உணவுப் பட்டியலைத் தமிழில் எழுதுகிறேன். அங்கே ‘இறால் பச்சடி’ என்று போட்டால், வருகிறவர் தயிரில் மிதக்கும் இறாலைத்தான் நினைப்பார். எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

கோசுமல்லியும் தேறவில்லை. ராமநவமிக்குப் பயத்தம்பருப்பு ஊறவைத்து வெள்ளரிக்காய் நறுக்கிப் போடுவது ஒரு கோசுமல்லி. செட்டிநாட்டில் அதே பெயரில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வரும். ‘காய்கறிக் கலவை’யோ, இறால் வந்து சேர்ந்ததுமே பொய்யாகிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கம் பக்கம் போய் அரைக் கிலோ எறா வாங்கி வந்து நானே செய்து பார்த்தேன். சொல் தேடுகிறவன் ஒருமுறையாவது சமைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் இரண்டே நிமிடம். எறா அரைவட்டமாக வளைந்ததும் எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர்தான். கீரையைக் கழுவியபின் துணியில் ஒற்றி ஈரம் போக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் அதில் ஒட்டாது. மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கடுகு விழுது. நன்றாக அடித்தால் வெளுத்துக் கெட்டியாகும். பாடநூல் இதைப் பால்மம் (எமல்ஷன்) என்கிறது. கடுகு இருப்பதால் எண்ணெயும் சாறும் சீக்கிரம் பிரியாது.

எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் கிளறப் போனேன். பின்னாலிருந்து அம்மா, “பிசையாதடா, கையால லேசா பிசிறி விடு” என்றார்.

ஒரு வாரமாக நாம் தேடிய சொல் அடுப்படியிலேயே இருந்திருக்கிறது. பிசைந்தால் கீரை கசங்கும். பிசிறினால் விரல் நுனி பட்டும் படாமலும் ஒவ்வொரு இலையிலும் சாறு ஏறும். சாலட்டின் ‘லேசு’ என்ற குணம் அந்த வினையிலேயே இருக்கிறது.

நம் பண்டப் பெயர்களைப் பாருங்கள்: பொரியல், அவியல், வறுவல், துவையல், மசியல். என்ன பொருள் போட்டோம் என்பது அல்ல, என்ன செய்தோம் என்பதுதான் பெயர். அந்த வரிசையில் பிசிறல். சாலட்டும் இதே கதைதான்: லத்தீனில் உப்புக்கு ‘சால்’, அதிலிருந்து ‘உப்பிட்டது’ என்ற பொருளில் வந்த பெயர். எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் அடித்த அந்த டிரஸ்ஸிங்குக்குப் ‘பிசிறுசாறு’ என்று வைக்கலாம்.

கீரைக்குப் ‘பச்சிலை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நாட்டு வைத்தியர் கடைக்குப் போய்விடும். ‘பச்சைக்கீரை’ போதும்.

சீஸ் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘பாலாடைக்கட்டி’ தவறு. காய்ச்சிய பாலின்மேல் படிவது ஆடை. சீஸோ பாலைத் திரித்து, தண்ணீரை வடித்து, திப்பியை இறுக்கிச் செய்வது. ஆடைக்கு அங்கே வேலையே இல்லை. போதாததற்கு, குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குக் கிண்ணமும் பாலாடைதான். ‘பால்கட்டி’ என்றாலே பொருள் முடிந்துவிட்டது. தங்கை உதிர்த்துப் போடுவது ஃபெட்டா, முக்கியமாகச் செம்மறியாட்டுப் பாலில் செய்யும் கிரேக்க நாட்டுப் பால்கட்டி. உப்புநீரில் ஊறிக் கிடப்பதால் பிசிறுசாற்றில் உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தது. ஃபெட்டாவை ஃபெட்டா என்றே விடுவோம்; இட்லியை யாரும் மொழிபெயர்ப்பதில்லையே.

---

ஐயாவின் மறுமொழி இன்று காலை வந்தது:

> தம்பி, பாடகர் குரல் பிசிறடித்தது என்கிறோம், துணியில் பிசிறு என்கிறோம். குறையைச் சொல்லும் சொல் சாப்பாட்டுக்கு ஆகுமா? மேலும் புணர்ச்சிப்படி ‘இறாற்பிசிறல்’ என்றல்லவா வரவேண்டும்?

ஐயா, முதல் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பிசிறு பெயர்ச்சொல். மாவில் நெய்யை விட்டுப் ‘பிசிறிக்கொள்ளவும்’ என்று சமையல் குறிப்பில் படிக்கும்போது யாருக்கும் கிழிந்த துணி நினைவுக்கு வருவதில்லை. இரண்டாவதற்குத் தலைவணங்குகிறேன், ஆனால் இறாற்பிசிறல் என்று எழுதினால் தங்கை கடையில் ஒரு தட்டுகூடப் போகாது. பாற்பொடியை விட்டுப் பால்பொடிக்கு வந்துவிட்ட நமக்கு இறால் பிசிறலும் பழகிவிடும்.

நேற்று கரும்பலகையில் ‘இறால் பிசிறல்’ என்று எழுதி, கீழே பொடி எழுத்தில் ‘சாலட்’ என்றும் போட்டாள். அடுத்த வரியில் ‘கடம்பா பிசிறல்’. தூத்துக்குடிக்காரர் ஒருவர் கடம்பா என்றால் என்ன என்று கேட்க, கணவாய் என்று விளக்க வேண்டியிருந்தது. பிசிறல் என்றால் என்ன என்று அவர் கேட்கவேயில்லை.

வினிகர் இன்னும் பாக்கி. காடியா, இலங்கை வழக்கில் உள்ள வினாகிரியா? நான் வினாகிரி பக்கம். மற்றவர்கள் சொல்லுங்கள்.