கேட்டவர் ஒருவர், படித்தவர் பலர்: பதில் எழுதிய அனுபவங்கள்

பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றபின், கேள்வி-பதில் தளமான கோராவின் தமிழ்ப் பதிப்பில் கணக்குத் தொடர்பான கேள்விகளுக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். தெரிந்ததைப் பிழையின்றி எழுதினால் படிக்க ஆள் தானாக வரும் என்று நம்பியிருந்தேன். முதல் நாற்பது பதில்களில் எதுவும் முப்பது பார்வைகளைத் தாண்டவில்லை.

ஒரு நாள், "ஓர் எண்ணைப் பூச்சியத்தால் ஏன் வகுக்க முடியாது?" என்ற கேள்விக்குப் பதில் எழுதும்படி எனக்கு ஒரு கோரிக்கை வந்தது. வகுத்தல் பெருக்கலின் நேர்மாறு என்றும், பூச்சியத்திற்குப் பெருக்கல் நேர்மாறு கிடையாது என்றும் வழக்கம்போல் வரையறையிலிருந்து எழுதி வெளியிட்டேன். கேட்டவரே கீழே கருத்திட்டிருந்தார்: "ஐயா, இது புத்தகத்தில் இருப்பதுதான். என் மகள் அதைப் படித்துவிட்டுத்தான் என்னைக் கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?"

யாருக்காக எழுதுகிறேன் என்று ஒருமுறைகூட யோசிக்காமல் நாற்பது பதில்களை எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று இரவே அந்தப் பதிலை முழுவதும் மாற்றினேன். 12-ஐ 3-ஆல் வகுப்பது என்றால், 12-இலிருந்து மும்மூன்றாகக் கழித்துக்கொண்டே போவது; நான்கு முறை கழித்ததும் ஒன்றும் மிஞ்சாது, ஆகவே விடை 4. அதே 12-இலிருந்து பூச்சியத்தைக் கழித்துக்கொண்டே போனால், ஆயிரம் முறை கழித்தாலும் 12 அப்படியே இருக்கும் என்பதால், எத்தனை முறை என்று கேட்டால் சொல்வதற்கு ஓர் எண்ணும் அகப்படாது. 0-ஐ 0-ஆல் வகுப்பதில் உள்ள சிக்கல் வேறு: எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியமே வருவதால், எல்லா எண்களும் விடையாக வந்து நிற்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியிருக்காது. மகள் கையில் பன்னிரண்டு பொத்தான்களைக் கொடுத்து, முதலில் மும்மூன்றாக எடுக்கச் சொல்லுங்கள், பிறகு ஒவ்வொரு முறையும் ஒன்றுமே எடுக்காமல் குவியலைத் தீர்க்கச் சொல்லுங்கள் என்று பதிலை முடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் எழுதினார்: "கொடுத்தேன் ஐயா. 'அப்பா, இது தீரவே தீராதே' என்றாள்." எனக்கு வந்த ஆதரவு வாக்குகள் அனைத்தையும்விட அந்த ஒரு வரியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிறரும் அந்தப் பதிலைப் படிக்கத் தொடங்கினர். பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவர்கள், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இப்போது தேர்வுக்குத் தயாராகும் ஒருவர் என, கேள்வியைக் கேட்கத் தயங்கியிருந்தவர்கள் பலர் பின்தொடர்ந்தார்கள். நீண்ட பதிலின் தொடக்க வரிகள் மட்டுமே முதலில் கண்ணில் படுகின்றன. மீதியை விரித்துத்தான் படிக்க வேண்டும். ஆகவே முன்னுரையை விட்டுவிட்டு, இப்போது முதல் வரியிலேயே எடுத்துக்காட்டை வைக்கிறேன். தேடுபொறி வழியாக வருபவர்களுக்குப் பதிலின் வயது ஒரு பொருட்டல்ல. பழைய பதில்களுக்கும் இன்று கேள்விகள் வருகின்றன.

* * *

ஐயா, உங்கள் பகிர்வைப் படித்ததும் என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. நான் நிரல் எழுதுபவள். நிரல் எழுதுபவர்களுக்காக 2008-இல் தொடங்கிய கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், ஒரு பட்டியலின் சராசரியைக் கணக்கிடும் நிரல்துண்டைப் பதிலாக இட்டிருந்தேன். அங்கு ஒரு ஆதரவு வாக்குக்கு 10 புள்ளிகள், கேட்டவர் பதிலை ஏற்றுக்கொண்டால் 15 என்று கணக்கு. எதிர்வாக்கு விழுந்தால் 2 குறையும். எனக்கு முதலில் விழுந்தது எதிர்வாக்குதான். கூடவே ஒருவர், "பட்டியல் காலியாக இருந்தால்?" என்று மட்டும் கேட்டிருந்தார். உறுப்புகளின் எண்ணிக்கை பூச்சியமானால் என் நிரல் பூச்சியத்தால் வகுக்கப் பார்த்து நின்றுவிடும்! முதலில் முகம் சுருங்கினாலும், பட்டியல் காலியாக இருந்தால் வகுக்காமல் வேறு வழியில் போகும்படி நிரலில் தனிக் கிளை சேர்த்து, திருத்தத்தின் காரணத்தையும் பதிலுக்குள்ளேயே எழுதினேன். கேட்டவர் அதை ஏற்றுக்கொண்டார். பிழையைக் காட்டியவர் இன்று என் பதில்களைத் தவறாமல் படிக்கும் வாசகர். அத்தகைய ஒருவர் கிடைப்பதை நான் பேறாகவே கருதுகிறேன்.

ஒன்றை மட்டும் உங்களிடம் வேண்டுகிறேன்: பதில்களுக்குப் படி எடுத்து வையுங்கள். 2005-இல் தொடங்கிய யாஹூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி-பதில் தளம் 2021 மே 4-இல் மூடப்பட்டது. அதை அறிந்த நாள் முதல் நான் ஒவ்வொரு பதிலையும் என் கணினியில் சேமித்துவருகிறேன்.

* * *

நன்றி அம்மா. நேற்றே படியெடுக்கத் தொடங்கிவிட்டேன். அந்தச் சிறுமியின் அடுத்த கேள்வியும் வந்திருக்கிறது: இரண்டு குறை எண்களைப் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது? மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். பொத்தான்களை வைத்து அதைக் காட்ட இன்னும் வழி கிடைக்கவில்லை.