கல்வெட்டுக்குப் படம்

சுகந்தி மாமி: கொட்டாஞ்சேனை அச்சகத்தில் இருந்து மறுபடி எடுத்தார்கள். நாளை பத்து மணிக்குள் அத்தானின் படம் போகாவிட்டால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டுப் புத்தகம் வராதாம்.

வதனி கனடா: அடையாள அட்டைப் படம் மட்டும் வேண்டாம். பேப்பரில் மரண அறிவித்தலோடு போட்டு அழகு பார்த்தது போதும்.

குகன் சித்தப்பா: பேப்பரில் படம் மட்டுமா பிழை? யாருடைய பெயர் விடுபட்டது?

சுகந்தி மாமி: தம்பி, அது முடிந்த கதை.

குகன் சித்தப்பா: உங்களுக்கு முடிந்தது.

தர்ஷன்: பெரியப்பாவின் கெனன் கமெராவில் நல்ல படங்கள் இருக்கின்றன. சாமத்திய வீட்டில் பட்டு வேட்டி சால்வையோடு சிரிக்கிறாரே, அதுவும். ஆனால் கொம்பியூட்டருக்கு இறங்கவில்லை. ரமணன் அண்ணை லினக்ஸ் போட்டதில் இருந்து இப்படித்தான்.

ரமணன்: லினக்ஸைக் குறை சொல்லாதே. கமெராவை ஓன் செய்தாயா?

தர்ஷன்: ஓம். படம் இறக்க நீங்கள் எழுதித் தந்த ஜீபோட்டோ2 கட்டளையைப் போட்டால் யூ.எஸ்.பி.யைப் பிடிக்க முடியவில்லை என்கிறது.

ரமணன்: வயரைக் கொழுவியதுமே ஃபோல்டர்களைக் காட்டும் ஃபைல்ஸ் புரோகிராம் கமெராவைத் தன் கையில் எடுத்துவிடும். பின்னால் ஓடும் ஜீவிஎஃப்எஸ் செய்கிற வேலை. ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் கமெராவோடு பேசலாம். ஃபைல்ஸில் கமெராவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எஜெக்டை அழுத்து. வயரைக் கழற்றாதே. பிறகு அதே கட்டளை.

ரமணன்: இனி ஒவ்வொரு முறையும் இந்தக் கூத்து வேண்டாமென்றால் ரெப்பிட் போட்டோ டவுன்லோடரை இன்ஸ்டோல் செய். கமெரா கொழுவியதும் தானே இறக்கத் தொடங்கு என்று அமைப்பில் ஒரு தெரிவு உண்டு. தேதி வாரியாக ஃபோல்டரும் போடும், ஏற்கெனவே இறக்கியதை மறுபடி இறக்காது. நானே செய்வதென்றால் யூடெவ் விதி எழுதுவேன், ஒரு சாதனத்தைக் கொழுவியதும் என்ன செய்வதென்று லினக்ஸில் பார்ப்பது அதுதான். அதில் கெனனின் யூ.எஸ்.பி. எண் 04a9. ஆனால் இறக்கும் வேலையை யூடெவ்விடமே நேராகக் கொடுக்கக் கூடாது, நேரம் எடுக்கும் வேலையை அது இடையில் கொன்றுவிடும். பின்னணி வேலைகளை ஓட்டும் சிஸ்டம்டியின் சேவை ஒன்றைத் தட்டி எழுப்பச் சொல்ல வேண்டும்.

குகன் சித்தப்பா: எனக்கு விளங்கியது வயர் மட்டும்.

சுகந்தி மாமி: சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

வதனி கனடா: அந்தக் கமெரா நான் அனுப்பியது. பத்திரம்.

குகன் சித்தப்பா: அது யாருக்கு என்று முப்பத்தொன்று கழியட்டும், பேசுவோம்.

தர்ஷன்: அண்ணை, பாதியில் கமெரா நின்றுவிட்டது. பற்றரி.

ரமணன்: அப்படியென்றால் கார்டை வெளியே எடுத்து ரீடரில் போடு. டிசிஐஎம் ஃபோல்டருக்குள் எல்லாம் இருக்கும், சாதாரணமாகக் கொப்பி செய்யலாம். கார்டில் ஒன்றையும் அழிக்காதே.

குகன் சித்தப்பா: இதை முதலே சொல்லியிருக்கலாம்.

ரமணன்: கேட்டது தானாக இறக்குவதைப் பற்றி.

தர்ஷன்: யாரும் அதைக் கேட்கவில்லை 😄

சுகந்தி மாமி: ஐம்பது பேர் என்று சொல்லவா?

குகன் சித்தப்பா: தெகிவளை ஆட்களையும் சேர்த்தா?

தர்ஷன்: வந்துவிட்டது! இரண்டு படம். கண்ணாடியோடு ஒன்று, கண்ணாடி இல்லாமல் ஒன்று.

வதனி கனடா: சும்மா படமாகப் போடாதே, வாட்ஸ்அப் சுருக்கிவிடும். டொக்கியுமென்டாக அனுப்பு. கண்ணாடி இல்லாதது.

குகன் சித்தப்பா: கண்ணாடி இல்லாமல் அண்ணரை யாருக்குத் தெரியும்?

சுகந்தி மாமி: அக்காவிடம் கேட்காமல் அனுப்பவேண்டாம்.

தர்ஷன்: பெரியம்மா நித்திரை. காலையில் கேட்கிறேன்.

ரமணன்: ஞாயிறு வந்து அந்த யூடெவ்வையும் போட்டுத் தருகிறேன்.

குகன் சித்தப்பா: கல்வெட்டில் பெயர்களை யார் பார்க்கிறார்கள்?